வயல்வெளி நடையும் நீர்வண்ண ஓவியமும்: காவிரிப் படுகையில் வரைபவர்களுக்கான கேள்வி பதில்

தஞ்சாவூர், திருவையாறு, கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் வரப்பிலும் ஆற்றங்கரையிலும் நடந்து, அங்கேயே உட்கார்ந்து வாட்டர்கலரில் நிலக்காட்சி வரைய விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தென்காசிப் பக்கமும் திருச்செந்தூரை ஒட்டிய செம்மணல் தேரிக்காடும் கடைசியில் கொஞ்சம் வரும். பென்சிலும் பிரஷும் ஓரளவு பழகியவர்களை மனதில் வைத்து எழுதியது.

நடக்கத்தான் வேண்டுமா? வண்டியில் போய் நல்ல இடமாகப் பார்த்து இறங்கி வரைந்தால் போதாதா?

வரையலாம். ஆனால் வண்டியில் போகிறவர் கண்ணில் படுவது கோபுரம், பெரிய ஆலமரம், பாலம் என்று தனித்தனிப் பொருள்கள்தான். படுகை சமதரை. மலை கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. இங்கே ஓவியமாக வருவது பொருள் அல்ல, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து எதன்மேல் விழுகிறது என்பதுதான். அது ஐம்பது அடிக்கு ஒருமுறை மாறும். சாலையிலிருந்து பார்த்தால் ஒரே பச்சை வேலியாகத் தெரியும் தென்னந்தோப்பு, வரப்பில் இருநூறு அடி உள்ளே போனதும் இரண்டாகப் பிரியும். நடுவில் ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் வாய்க்கால் தண்ணீர் பளிச்சென்று தெரியும். ஓவியம் அங்கே இருக்கிறது. நடக்காமல் அது கிடைக்காது.

புதுப் புது ஊர் தேடி அலைவதைவிட, மூன்று கிலோமீட்டருக்குள் ஒரே பாதையை வைத்துக்கொண்டு, நாற்றங்காலிலிருந்து அறுப்பு வரை அதிலேயே போய் வருவது நல்லது. முதல் தடவை பையில் பென்சிலும் சிறு நோட்டும் மட்டும் இருக்கட்டும். வண்ணம் வேண்டாம். வண்ணப் பெட்டி கையில் இருந்தால் முதலில் வரும் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிடத் தோன்றும்.

எந்த மாதங்களில் போவது?

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து அது தள்ளிப்போகும், அதற்கேற்ப எல்லாமே தள்ளிப்போகும். பொதுவாக ஜூலையில் குறுவை நடவு, செப்டம்பர் முதல் நவம்பர் வரை சம்பா, தாளடி நடவு. நட்ட முதல் இரண்டு மூன்று வாரம் வயலில் தண்ணீர் வானத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். வாட்டர்கலருக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. அதன்பின் பயிர் தூர்கட்டி மூடிக்கொள்ளும், வயல் ஒரே பச்சைப் பரப்பாகிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். இப்போது நேரடி விதைப்பு அதிகம். விதைத்த வயலில் நடவு வயலைப்போல் கண்ணாடித் தண்ணீர் நிற்காது. எந்தப் பக்கம் நாற்று விட்டிருக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் பச்சை உச்சத்தில் இருக்கும், வரையக் கடினமான மாதமும் அதுதான். பொங்கலை ஒட்டிக் கதிர் முற்றிப் பழுப்பேறும். அறுத்த தாளுக்கிடையே உளுந்து முளைக்கும் பிப்ரவரியைப் பலர் தவறவிடுகிறார்கள். வைக்கோல் நிறத் தாளும் இளம்பச்சையும் கலந்த அந்தத் தரை மிக அழகானது. ஏப்ரல், மே மாதங்களில் வயல் வெடித்துக் கிடக்கும். அப்போது ஆற்று மணலையும் படுகை மூங்கிலையும் வரையலாம்.

ஒரு நாளில் எந்த நேரம்?

சூரியன் உதித்து அரைமணி நேரம் கழிந்ததிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். மாலையில் நான்கு மணியிலிருந்து சூரியன் மறையும்வரை. தஞ்சாவூரில் ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்பே விடிந்துவிடும், ஜனவரியில் 6.40 வாக்கில்தான் சூரியன் வரும். மார்கழி, தை மாதங்களில் வெயில் சாய்ந்தே இருப்பதால் காலை பத்து மணி வரைகூட நிழல் நீளமாகக் கிடைக்கும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். மரத்தின் நிழல் மரத்தடியிலேயே சுருண்டுவிடும். அந்த நாட்களில் பத்து மணிக்கு மேல் எந்த உருவத்துக்கும் கனம் தெரியாது.

நேரத்தைப்போலவே திசையும் முக்கியம். காவிரியும் அதன் கிளைகளும் இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன, கரைச் சாலைகளும் அப்படியே. காலையில் கரைமேல் கிழக்கு நோக்கி நடந்தால் வெயில் முகத்தில் அடிக்கும். மரமெல்லாம் கருநிழல் உருவம், தண்ணீர் வெள்ளி. அதே பாதையில் திரும்பி மேற்கே வந்தால் எல்லாம் நேர்வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும், நிறம் மட்டும் நன்றாக இருக்கும். உருவத்துக்குப் பக்கவெளிச்சம் வேண்டுமென்றால் ஆற்றைக் குறுக்கே பார்க்க வேண்டும், அதாவது வடக்கு அல்லது தெற்கு நோக்கி. மார்கழியில் தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால் காலை வெயில் வலப்பக்கம் சற்றுப் பின்னாலிருந்து விழும். இதைவிட வசதியான வெளிச்சம் கிடையாது. ஆனியில் சூரியன் வடகிழக்கில் உதிப்பதால் அதே இடத்தில் வெயில் வலப்பக்கம் சற்று எதிரேயிருந்து வரும். அப்போது வடகரைக்குப் போய்த் தெற்கே பாருங்கள்.

ஆங்கிலப் புத்தகங்களில் வடக்கு வெளிச்சம் நிலையானது, நேர்வெயில் வராது என்று படித்திருப்பீர்கள். சித்திரை தொடங்கி ஆவணி முற்பகுதி வரை இங்கே நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் விழுகிறது. அந்தக் குறிப்பை இங்கே நம்ப முடியாது.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

மொத்தம் மூன்று கிலோவைத் தாண்டினால் இரண்டாவது கிலோமீட்டரில் ஆர்வம் போய்விடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கோல்ட் பிரஸ், அதாவது சற்றுச் சொரசொரப்பான தாள், 11 × 15 அங்குலம் (முழுத்தாளில் கால் பங்கு), இரண்டு அல்லது மூன்று. அதைவிடச் சற்றே பெரிய 4 மி.மீ. பிளைவுட் அட்டை. தாளின் நான்கு பக்கமும் ஒட்ட மாஸ்கிங் டேப். ரவுண்ட் பிரஷ் 12, 8, ஒரு அங்குல பிளாட், மெல்லிய கோடுகளுக்கு ரிக்கர் 2. 4பி பென்சில், நசுக்கி எடுக்கும் ரப்பர். பழைய பருத்தித் துணி. டிஷ்யூவைவிட இது மேல், காற்றில் பறக்காது. வரைவதற்கு அரை லிட்டர் தண்ணீர், குடிக்க ஒரு லிட்டர் தனியாக. வாய்க்கால் தண்ணீரை வண்ணத்துக்கு எடுக்காதீர்கள். நடவுக் காலத்தில் அதில் வண்டல் கலந்திருக்கும், வானத்துக்குப் போடும் வாஷில் (தண்ணீர் கலந்து பரப்பும் வண்ணப் பூச்சில்) நுண்மணலாகப் படியும்.

மடக்கு ஸ்டூல் ஈர மண்ணில் ஒரு காலை மட்டும் புதைத்துக்கொண்டு சாயும். கால்களுக்கு அடியில் ஒரு அடிச் சதுரப் பலகைத் துண்டு வைத்தால் நிற்கும். மதகுத் திட்டு கிடைத்தால் ஸ்டூலே வேண்டாம்.

கேம்லின் ஸ்டூடென்ட் வண்ணம் போதுமா? விலை உயர்ந்த வண்ணம் வாங்க வேண்டுமா?

காசு குறைவாக இருந்தால் அதைத் தாளில் போடுங்கள், வண்ணத்தில் அல்ல. நூறு சதவீதப் பருத்தித் தாளில் சாதாரண வண்ணம் நன்றாகவே ஓடும். மலிவுத் தாளில் எவ்வளவு உயர்ந்த வண்ணமும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும், இரண்டாம் வாஷ் போட்டால் முதல் வாஷ் கிளம்பி வந்துவிடும்.

வண்ணம் எட்டு போதும்: லெமன் யெல்லோ, கேம்போஜ், யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, லைட் ரெட், பெர்மனன்ட் ரோஸ், அல்ட்ராமரைன், செருலியன். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகக் கலந்தால் வரும் கருமை, தென்னை நிழலுக்கும் ஈரமான அடிமரத்துக்கும் அப்படியே பொருந்தும். அசல் அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுக்கும் நிறம், அதைத் தவிர்க்கலாம்.

உட்காரும் இடத்தை எப்படி முடிவு செய்வது?

ஒரு அட்டையில் 5.5 × 7.5 செ.மீ. அளவில் சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். 11 × 15 தாளின் அதே விகிதம் அது. ஒற்றைக் கண்ணால் அதன் வழியே பார்த்துக்கொண்டே நடங்கள். சன்னலுக்குள் மூன்று டோன் தெளிவாகப் பிரிந்தால் நில்லுங்கள்: வானமும் தண்ணீரும் வெளிர், வயலும் வரப்பும் நடுத்தரம், மரக்கூட்டம் கருமை. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் இது எளிதில் தெரியும். மூன்றும் ஒன்றோடொன்று கலந்து ஒரே சாம்பலாகத் தெரிந்தால், இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

பிடித்த இடத்தில் உடனே பெட்டியைத் திறக்காமல், நோட்டில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கட்டம் போட்டு மூன்று நிமிடத்தில் மூன்று டோனில் நிரப்புங்கள். பக்கத்திலேயே தேதி, மணி, வெயில் வரும் பக்கம், காற்று. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் வரைந்த மேக ஓவியங்களின் பின்புறம் தேதியும் நேரமும் காற்றின் திசையும் குறித்து வைத்தார். அவர் மேகம் இன்றும் உயிரோடு இருப்பதற்கு இந்தக் கவனம் ஒரு காரணம். நிழலின் எல்லையை இந்தச் சிறு கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் சூரியன் 15 பாகை நகர்ந்துவிடும். நிழலைத் துரத்திக்கொண்டே போனால் ஒரே மரத்துக்கு இரண்டு பக்கமும் நிழல் விழும் படம்தான் மிஞ்சும்.

எப்படி வரைந்தாலும் வயல் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. தரையாகப் படுக்க மாட்டேன் என்கிறது. ஏன்?

படுகையில் வரைபவர்களின் முதல் சிக்கல் இதுதான். பெரும்பாலும் கண்மட்டத்தில்தான் தவறு இருக்கும்.

வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் உங்கள் கண் தரையிலிருந்து சுமார் 80 செ.மீ., ஸ்டூலில் உட்கார்ந்தால் 110, நின்றால் 150க்கு மேல், ஆற்றங்கரை மேட்டில் நின்றால் நான்கு மீட்டர்கூட வரும். உட்கார்ந்து பார்க்கும்போது வயல் முழுவதும் தொடுவானத்துக்குக் கீழே ஒரு மெல்லிய பட்டைதான். ஆனால் அது பெரிய வயல் என்று மூளைக்குத் தெரியும், அதனால் கை தாளின் பாதி உயரத்துக்கு அதை இழுத்துவிடுகிறது. கரைமேட்டில் நின்று பார்த்த ஞாபகத்தில் கட்டங்களையும், உட்கார்ந்த இடத்திலிருந்து மரங்களையும் வரைந்தால் வயல் சுவராகத்தான் நிற்கும்.

தீர்வு: பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, தொடுவானத்துக்கும் உங்கள் காலடிக்கு அருகில் உள்ள வரப்புக்கும் இடையே வயல் எவ்வளவு உயரம் பிடிக்கிறது என்று அளந்து, அதே விகிதத்தில் வரையுங்கள். வயல் கட்டங்களைப் பார்க்க ஆசையாக இருந்தால் மதகின்மேலோ கரையிலோ ஏறுங்கள். அங்கே ஏறினால் முழுப்படத்தையும் அங்கிருந்தே வரையுங்கள். அடுத்தது, தூரத்து வரப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி மிக வேகமாகச் சுருங்கும். அருகில் இரண்டு விரல் அகலம் தெரியும் வயல், ஐந்தாவது வரப்பில் ஒரு கோடு. சம இடைவெளியில் ஐந்து கோடு போட்டால் ஏணியாகிவிடும்.

மனிதர்களுக்கும் இதே விதிதான். சமதரையில் நீங்கள் நின்று பார்த்தால், அருகில் நிற்பவர் தலையும் அரை மைல் தள்ளி நிற்பவர் தலையும் ஏறக்குறைய தொடுவானக் கோட்டிலேயே இருக்கும், கால்கள் மட்டும் மேலேறும். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கோடு நிற்பவர் எல்லாருக்கும் மார்பை ஒட்டிப் போகும். நடவு நடும் பெண்கள் குனிந்திருப்பதால் பாதி உயரம்தான், முதுகு வளைவு தொடுவானத்துக்குக் கீழே நின்றுவிடும். வளைந்த முதுகு, அதற்குக் கீழே முழங்கால் வரை ஏற்றிச் செருகிய சேலை, தண்ணீரில் அதன் பிம்பம். மூன்று தீட்டல் போதும். முகம் வரையப் போனால் கெட்டுவிடும்.

பச்சை எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி வருகிறதே?

டியூபிலிருந்து வரும் விரிடியன், சாப் கிரீன் இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பச்சையைக் கலந்துதான் எடுக்க வேண்டும்.

நாற்றங்கால்: லெமன் யெல்லோ நான்கு பங்கு, செருலியன் ஒரு பங்கு. வெயில் ஊடுருவும்போது செருலியனை இன்னும் குறையுங்கள். நட்டு ஒரு மாதமான பயிர்: கேம்போஜ் இரண்டு, அல்ட்ராமரைன் ஒன்று, பிரஷ் நுனியில் பர்ன்ட் சியன்னா. அந்தச் சிவப்புக் கலப்பு இல்லாவிட்டால் பச்சை கூவும். தோப்பின் உள்நிழல்: அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சமமாக, அதில் கொஞ்சம் கேம்போஜ். முற்றிய கதிர்: யெல்லோ ஆக்கர் மூன்று, கேம்போஜ் ஒன்று. பயிரின் அடித்தண்டில் மட்டும் சிறிது பச்சை. கதிர் பழுத்தாலும் தண்டின் அடி உடனே பழுப்பதில்லை.

தூரம் போகப் போக மஞ்சளைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். அரை மைல் தள்ளி இருக்கும் தென்னந்தோப்பு பச்சையே அல்ல. காலை ஈரக்காற்றில் அது நீலச்சாம்பல். நம்ப முடியவில்லை என்றால் பக்கத்து வாழை இலை ஒன்றை அதன் அருகே கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்துப் பாருங்கள்.

நடவு முடிந்த வயலைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

பென்சில் ஐந்து நிமிடம்: தொடுவானம், வரப்புகள், மரக்கூட்டத்தின் வெளிக்கோடு. நாற்று ஒன்றுகூடப் போட வேண்டாம்.

அட்டையைச் சுமார் 15 பாகை சாய்த்துப் பிடியுங்கள். பிளாட் பிரஷால் வானத்தை மேலிருந்து தொடங்கி, தொடுவானத்தில் நிறுத்தாமல், அதே வாஷைத் தண்ணீர் வழியே கீழே வரை இறக்குங்கள். வரப்புகளை மட்டும் விட்டுவிடுங்கள். வானமும் வயல் தண்ணீரும் ஒரே மூச்சில் வந்தால்தான் ஒன்றை ஒன்று காட்டும். தண்ணீரில் விழும் வானம் ஒரு சாயல் கருமை கூடுதல். வண்டல் கலங்கியிருந்தால் அதில் யெல்லோ ஆக்கர் சிறிது.

இனி ஒரு நொடியைப் பிடிக்க வேண்டும். தாளைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர்ப் பளபளப்பு மங்கி, ஆனால் தாள் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போது தூரத்து மர வரிசையை வையுங்கள். ஓரம் மெத்தென்று கரைந்து நிற்கும். பளபளப்பு இருக்கும்போதே வைத்தால் மரம் வானத்துக்குள் வழிந்துவிடும். பாதி காய்ந்த பிறகு தண்ணீர் அதிகமுள்ள பிரஷை வைத்தால் ஓரம் கிழிந்த கறை படரும். காரணம் எளிது: தாளில் இருப்பதைவிடப் பிரஷில் ஈரம் அதிகம், அது வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கிறது. ஈரத்தின்மேல் வைக்கும் ஒவ்வொரு தீட்டலும் தாளைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

முழுக்கக் காய்ந்ததும் வரப்பு, நடுத்தூரத் தென்னை. பிறகு அவற்றின் பிம்பம். பிம்பம் எப்போதும் பொருளுக்கு நேர் கீழே செங்குத்தாக விழும், நிழலைப்போல் சாயாது. கருத்த மரத்தின் பிம்பம் மரத்தைவிடச் சற்று வெளிர். தென்னை வலப்பக்கம் சாய்ந்திருந்தால் பிம்பமும் வலப்பக்கமே சாயும்.

நாற்று கடைசி. அருகில் இரண்டு மூன்று இலையாகக் குத்துக் குத்தாக, அதன் பின்னால் வெறும் புள்ளி, அதற்கும் பின்னால் படுக்கைக் கோடு. கைநடவில் வரிசை சற்று நெளியும். இயந்திர நடவில் பெரும்பாலும் 30 செ.மீ. இடைவெளியில் நூல் பிடித்ததுபோல் போகும், அதனால் அந்த வரிசைகள் எல்லாம் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும். மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். அதற்குமேல் தொட்டால் வெளிச்சம் வேறு, படம் வேறு.

வெயில் காலத்தில் வாஷ் போட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது.

மே மாதக் காற்றில் மெல்லிய வாஷ் ஓரிரு நிமிடத்தில் காய்ந்து கோடு விழும். தாளின் பின்புறத்தையும் நன்றாக நனைத்து, அட்டையில் டேப் இல்லாமல் அப்படியே படிய வையுங்கள். இதற்குப் பிளைவுட் உதவாது, ஈரத்தை அதுவே குடித்துவிடும். மெல்லிய அக்ரிலிக் தகடு வேண்டும். தண்ணீரில் சில சொட்டுக் கிளிசரின் விட்டாலும் உலர்வது தாமதமாகும். அதிகமானால் படம் பிசுபிசுப்பாகவே நின்று தூசி ஒட்டும். எல்லாவற்றையும்விட, நிழலில் உட்காருவது முதல் மருந்து.

ஐப்பசி, கார்த்திகையில் நேர்மாறு. காயவே மாட்டேன் என்கிறது.

இரண்டு தாள் கொண்டுபோய் மாறி மாறி வரையுங்கள். ஒன்றில் வானம் காயும்வரை அதே பாதையில் எதிர்த்திசைக் காட்சியை இன்னொன்றில் தொடங்கலாம். வாஷை ஈரம் குறைத்துப் போடுங்கள். பாதி காய்ந்ததை விசிறாதீர்கள், பட்டை விழும்.

வயலில் நன்றாகத் தெரிந்த படம் வீட்டுக்கு வந்ததும் கறுத்துப்போய் இருக்கிறது. ஏன்?

நேர்வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும். அந்தப் பிரகாசத்தில் நீங்கள் வைத்த டோன் எல்லாம் வெளிறித் தெரியும், அதனால் தேவைக்கு மேல் கறுப்பாக வைப்பீர்கள். வீட்டு வெளிச்சத்தில் அந்தக் கூடுதல் கருமைதான் மிஞ்சும். தாள் நிழலில் இருக்க வேண்டும், காட்சி வெயிலில் இருக்க வேண்டும். மர நிழலில் இலை இடுக்கு வழியே புள்ளி புள்ளியாக வெயில் விழும் இடம் ஆகாது, எந்த டோனையும் அங்கே கணிக்க முடியாது. குடை பிடித்தால் கறுப்புக் குடை. சிவப்போ நீலமோ ஆனால் தாள் முழுக்க அந்த நிறம் ஏறும்.

தென்னையும் பனையும் ஒன்றுபோலவே வருகின்றன.

மட்டையைப் பார்க்காமல் முடியின் வெளிவடிவத்தைப் பாருங்கள். பனை இலை விசிறி. அவை சேர்ந்து ஏறக்குறைய உருண்டையான, விறைப்பான தலை. காய்ந்த காவோலை கழிக்காத மரத்தில் கழுத்தைச் சுற்றிப் பழுப்பாகத் தொங்கும். அடிமரம் கருஞ்சாம்பல், பெரும்பாலும் நேர். தென்னைக்குத் தலை உருண்டை அல்ல. மேல் மட்டைகள் நிமிர்ந்தும், நடு மட்டைகள் விரிந்தும், கீழ் மட்டைகள் தொங்கியும் இருக்கும். அடிமரம் வாய்க்கால் பக்கம், வெளிச்சம் உள்ள பக்கம் வளையும்.

எல்லா மட்டையையும் வரைவதுதான் இரண்டிலும் நடக்கும் தவறு. முடியை ஒரே கருமையாக வைத்து, வானம் தெரியும் இடுக்குகளை மட்டும் வெள்ளையாக விடுங்கள். அந்த இடுக்குகளின் வடிவம் சரியாக இருந்தால் மரம் தானாக வந்துவிடும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் எல்லா மட்டையும் சாய வேண்டும். ஒரே தோப்பில் ஆளுக்கொரு திசையில் ஆடும் தென்னையைப் பல படங்களில் பார்க்கலாம்.

ஊர்க்காரர்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது?

“என்ன சார், சர்வே எடுக்குறீங்களா?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும். நில எடுப்பு, எண்ணெய்க் குழாய் என்று பல கவலைகளைப் பார்த்த மண் இது. நோட்டும் அட்டையுமாக ஓர் அந்நியர் வயலை அளப்பதுபோல் பார்த்தால் சந்தேகம் வருவது நியாயம். “இல்லைங்கய்யா, படம் வரையறேன், பாருங்க” என்று எழுந்து தாளைத் திருப்பிக் காட்டுங்கள். பிறகு அவர்களே எந்த மதகிலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்று காட்டுவார்கள், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

புதிதாகச் சேறு பூசிய வரப்பில் கால் வைக்காதீர்கள். உடைந்தால் ஒருவரின் தண்ணீர் போய்விடும். படித்துறையில் குளிப்பவர்களை வரைய வேண்டாம். அய்யனார் கோயில், கோயில்காடு எல்லையில் செருப்பைக் கழற்றுங்கள், இலை கிளை ஒடிக்காதீர்கள். வேலை செய்பவர்களைத் தனியாகத் தெரியும்படி வரைவதானால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பு, மின்னல்?

வரப்பு வளைகளில் எலி இருக்கும், எலி இருக்குமிடத்தில் பாம்பு இருக்கும். அறுப்புக் காலத்தில் கண்ணாடி விரியனுக்கு அதிகக் கவனம் வேண்டும். கணுக்காலை மூடும் காலணி போடுங்கள், புல் மூடிய வரப்பில் கோலால் தட்டிக்கொண்டே நடங்கள், பார்க்காமல் கையை ஊன்றி உட்காராதீர்கள். கடித்தால் வெட்டுவதோ கட்டுவதோ கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐப்பசி இடி கேட்டால் உடனே வயலை விட்டு வெளியேறுங்கள். திறந்த வெளியில் உயரமாக நிற்பது நீங்களும் தென்னையும்தான், தென்னையடி ஒதுங்கும் இடம் அல்ல.

போட்டோ எடுத்து வீட்டில் வரைந்தால் என்ன?

அங்கேயே வரைந்த சிறு படமும் நிறக் குறிப்பும் கூட இருந்தால் தவறே இல்லை. 1792இல் தென்னிந்தியா வழியாகப் போன தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் (இருவரும் ஆங்கில ஓவியர்கள்) திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம் அருவி உள்படப் பல இடங்களை அங்கேயே வரைந்து எடுத்துப்போய், பெரிய படங்களை இங்கிலாந்து திரும்பிய பிறகு செய்தார்கள். காட்சியைத் தாள்மேல் விழவைக்கும் இருட்டுப்பெட்டிக் கருவியையும் (கேமரா அப்ஸ்கூரா) பயன்படுத்தினார்கள். போட்டோவை மட்டும் நம்பினால்தான் சிக்கல். கைபேசி வானத்தை வெளிற வைக்கும் அல்லது தோப்பின் நிழலைக் கறுப்பாக அடைத்துவிடும். அந்த நிழலுக்குள் இருக்கும் நீலமும் ஊதாவும் போட்டோவில் இருக்காது. அகலக் கோணத்தில் தூரத்து மரவரிசை கண்ணுக்குத் தெரிவதைவிட மிகச் சிறுத்தும் போகும்.

படுகை பழகிவிட்டது. அடுத்து எங்கே?

தென்காசிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போங்கள். வயலுக்குப் பின்னால் மலை, மலைமேல் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் சாரல் மேகம். படுகையில் இல்லாத ஒன்று அங்கே கிடைக்கும்: ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும் மூன்று நான்கு மலை அடுக்கு. தூரத்து அடுக்கிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றும் காய்ந்த பின் அடுத்ததை ஒரு படி கெட்டியாக வையுங்கள். வனப்பகுதிக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள். மலையடிவாரத் தோப்புகளில் மின்வேலி இருக்கலாம், உரிமையாளரிடம் கேட்காமல் நுழைய வேண்டாம்.

திருச்செந்தூரை ஒட்டிய குதிரைமொழித் தேரி வேறு உலகம். இரும்பு ஆக்ஸைடு படிந்த செம்மணல் மேடு, இடையே பனையும் குடைவேலமும். மணலுக்கு லைட் ரெட்டும் கேம்போஜும். நிழலுக்குச் சிவப்பைக் கறுக்க வைக்காமல் பெர்மனன்ட் ரோஸும் அல்ட்ராமரைனும் கலந்த ஊதாவைத் தெளிவாக ஒரே தடவையில் வையுங்கள், இரண்டாம் முறை தேய்த்தால் சேறாகும். அங்கே காலை ஒன்பதுக்கு மேல் தங்க முடியாது, மணல் சுடும்.

தாளில் வாஷ் போட்டால் உறிஞ்சு தாள்போல் கறும்புள்ளி விழுகிறது. வண்ணத்தில் கோளாறா?

வண்ணத்தில் அல்ல, தாளில். வாட்டர்கலர் தாளில் ஜெலட்டின் போன்ற பசை ஏற்றியிருப்பார்கள், அதுதான் வண்ணத்தை மேற்பரப்பில் நிறுத்துகிறது. நம் ஊர் ஈரத்தில் திறந்து வைத்த தாளில் அந்தப் பசை கெட்டுவிடும், கெட்ட இடம் வண்ணத்தைக் குடிக்கும். வாங்கிய தாளை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போகாமல் கட்டி, சுவரைத் தொடாத மேல் அலமாரியில் வையுங்கள். நடைக்குப் போகும்போது அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். வியர்வைக் கையால் வரையும் பரப்பைத் தொடாதீர்கள், கைரேகை வாஷில் தெரியும். முடித்த படங்களை ஒரு நாள் முழுக்க உலரவிட்ட பிறகே அடுக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் அமிலமற்ற தாள் வைத்து. ஐப்பசிக்கு முன் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைத்தால் பூஞ்சைப் புள்ளி வராது. வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காமல், காயவைத்து மென்மையான உலர் பிரஷால் மட்டும் தட்டி எடுங்கள்.